எண்பது மீற்றர் கேபிள்

காலை எட்டரை மணிக்கு ரிஸ்மி ஹாஜியாரின் அழைப்பு வந்தபோது, நிலூஷா கண்டியில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தெல்தோட்டைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்து இறங்கிய களைப்பு இன்னும் போகவில்லை. கருவிப் பை மடியில் இருந்தது.

“புள்ள, கடைக்குப் போகாம நேரா எங்கட யார்டுக்கு வாங்க. நீங்க போட்ட கெமராவ ராவையில நிப்பாட்டிப் போட்டு களவெடுத்திருக்காங்க. ஆளும் தெரியும். பொலிஸுக்குப் போறதுக்கு முந்தி அந்த மெசின்ல பதிஞ்சி ஈக்கிறத எடுத்துத் தரணும்.”

“யாரு ஹாஜியார்?”

“வேற ஆரு. நம்மட வொச்சர் ராஜலிங்கம்தான்.”

முனாப் நானாவின் கெமராக் கடையில் நிலூஷா வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஏணி ஏறவும் சுவரைத் துளைக்கவும் வயர் இழுக்கவும் அந்தக் கடையில் அவளை விட்டால் ஆள் இல்லை. ஹாஜியாரின் யார்டுக்கு அவள் கெமரா போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். அந்த வேலை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அது கொஞ்சம் கோணலான வேலை.

யார்டு பாலத்தைத் தாண்டி மகாவலிக் கரையோரமாக இருந்தது. சீமெந்து, கம்பி, தகரம், தண்ணீர் மோட்டார் என்று கட்டட வேலைக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். முன்கேட்டில் காவல்கார வொச்சரின் சின்ன அறை, ரெக்கோடரும் பிளக்கும் அதற்குள்தான். ஆற்றுப் பக்கம் பின்கேட். இரண்டுக்கும் இடையில் எண்பது மீற்றர். பின்கேட்டில் ஒரு லைட் கம்பம் இருந்ததே தவிர பிளக் பொயின்ட் கிடையாது. ஹாஜியாரின் மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கெமராவோ, தனியாகக் கரண்ட் கேட்கிற வகை. இப்போது வருகிற கெமராக்கள் பலவற்றுக்கு நெட்வேர்க் கேபிள் ஒன்றே போதும், படமும் கரண்டும் அதிலேயே போய்வரும். இதற்கு அந்த வசதி இல்லை.

“அந்தக் கேபிள்லயே கரண்டையும் அனுப்ப ஏலாதா?” என்று அன்றைக்கு ஹாஜியார் கேட்டார்.

ஏலும். கேபிளுக்குள் எட்டு வயர். படத்துக்கு நாலு போதும், மிச்ச நாலும் சும்மா கிடக்கும். இந்த முனையில் சின்னதொரு இணைப்பைப் போட்டு அந்த நாலு வயரில் கரண்டை ஏற்றி, அந்த முனையில் இன்னொன்றைப் போட்டுப் பிரித்து எடுத்துக் கெமராவுக்குக் கொடுக்கலாம். அவ்வளவு தூரத்துக்குச் சரியான முறை, நாற்பத்தெட்டு வோல்ட்டாக அனுப்பிக் கெமராவுக்குப் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டாகக் குறைப்பதுதான். அந்த செட் அன்றைக்குக் கடையில் இல்லை. “இருக்கிறதப் போட்டுட்டு வாங்க, பொறகு மாத்துவோம்” என்றார் முனாப் நானா. அவள் பன்னிரண்டு வோல்ட்டையே நேராக அனுப்பினாள். பகல் ஒரு மணிக்குப் பின்கேட்டில் ஏணியில் நின்று மீற்றரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டாகப் புறப்பட்டது பத்தாக வந்து சேர்ந்தது. கெமரா வேலை செய்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

இருட்டிய பிறகும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றத்தான் செய்தது. ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் தெல்தோட்டைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் கிளம்பிவிட்டாள்.

யார்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது ராஜலிங்கத்தைத்தான். ஐம்பத்தைந்து வயது மனிதர், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து தினமும் மாலையில் இறங்கி வந்து இரவு முழுக்கக் காவல் இருப்பவர். வொச்சர் அறைக்கு வெளியே சீமெந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாப்பாட்டுப் பை பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த சாரமும் டோர்ச்சும் மருந்துப் போத்தலும் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. எல்லார் முன்னாலும் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். லொறியில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்கள்.

கேட்டோரம் ஒரு பெண் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நின்றாள். ராஜலிங்கத்தின் மனைவி வீரம்மா. ஆள் அனுப்பி அழைத்திருக்க வேண்டும்.

அறைக்குள் ஹாஜியாரும் அவருடைய மருமகன் அஹ்னாபும் இருந்தார்கள். யார்டின் அன்றாட வேலையைப் பார்ப்பது அஹ்னாப்தான்.

“ரெண்டு தண்ணி மோட்டார் இல்ல” என்றான் அஹ்னாப். “நேத்து ராவு பின்கேட்டால போயிருக்கி. போன்ல கெமராவப் பாத்தா ஆறே காலுக்குப் பொறகு ஒண்டுமே இல்ல. முந்தின நாளுகளயும் தேடிப் பாத்தன். மொத மூணு ராவும் படம் ஈக்கி. நாலாம் ராவுலேந்து ஒரு நாளும் இல்ல. பொழுது பட்டா நிக்கிது, விடிஞ்சா வருது. பிளக் இந்த ரூம்ல. ரூம்ட சாவி அவர்ட கைல.”

“அந்த நாலாம் நாள்தான் லீவு கேட்டு நான் ஏலாதுண்டு சொன்னது” என்றார் ஹாஜியார். அவர் குரலில் கோபத்தை விட வேதனைதான் அதிகம். “பதினோரு வருஷம் இங்க ஈந்த மனிசன். நீங்க அத எடுத்துத் தாங்க புள்ள. பதினொரு மணிக்கு வாறதா பொலிஸுக்குச் சொல்லியிருக்கேன்.”

மணி ஒன்பதரை. நிலூஷா கதிரையை இழுத்துப் போட்டு ரெக்கோடரின் முன் உட்கார்ந்தாள். படங்களைத் தேடுவதை விட்டுவிட்டு, கெமரா எப்போது போனது, எப்போது வந்தது என்று அந்த மெசின் தானாகவே எழுதிவைக்கும் பட்டியலைத் திறந்தாள். யாராவது பிளக்கைக் கழற்றியிருந்தால் இரவுக்கு இரண்டு வரி இருக்கும். மாலையில் போனது ஒன்று, காலையில் வந்தது ஒன்று.

திரையில் வரிகள் ஓடின. நின்றபாடில்லை.

போனது. நாற்பது செக்கனில் வந்தது. உடனே போனது. மறுபடி நாற்பது செக்கனில் வந்தது. மறுபடி போனது. அவள் விரல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு வரிக்கு மேல். எந்த மனிதனும் விடிய விடிய உட்கார்ந்து, நாற்பது செக்கனுக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றி மாட்ட மாட்டான்.

இருட்டினால் அந்தக் கெமரா தன்னைச் சுற்றியிருக்கும் சின்னச் சிவப்பு லைட்டுகளைத் தானாகவே போட்டுக்கொள்ளும். அப்போது அதற்குப் பகலை விட இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். இழுக்கிற கரண்ட் கூடக்கூட, கேபிளில் வழியிலேயே தொலைவதும் கூடும். பத்தாக வந்து சேர்ந்தது ஏழுக்கோ எட்டுக்கோ விழும். கெமரா செத்துப்போகும். லைட் அணைந்ததும் மறுபடி உயிர் வந்து எழும்பும், லைட்டைப் போடும், மறுபடி சாகும்.

ராஜலிங்கம் எதையும் தொட்டிருக்கவில்லை. தொட்டது அவள்.

ஆனால் முதல் மூன்று இரவு எப்படி ஓடியது? அவள் எழுந்து வெளியே வந்து ராஜலிங்கத்தின் எதிரில் நின்றாள்.

“அண்ணே, பின்கேட்டு லைட் கம்பத்துல பல்ப் எரியுதா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரவு விழித்த கண்கள் சிவந்திருந்தன. “அது போய் ஒம்பது நாளாச்சும்மா. சின்ன மொதலாளிகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். மாத்தல.”

அவ்வளவுதான். பல்ப் எரிந்த வரைக்கும் கெமராவுக்கு அது பகல். பல்ப் போன அன்றைக்குத்தான் அதற்கு இரவு வந்தது.

அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் முனாப் நானாவை அழைத்தாள். நடந்ததையெல்லாம் நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

“நிலூஷா, கேளுங்க. அங்க ஒண்டும் சொல்லிராதீங்க. கெமராவ செக் பண்ணணும்டு கழட்டி எடுத்துக்கிட்டு வாங்க. நாங்க கடைல வெச்சி சரியாக்கி, பொறகு ஹாஜியாரோட நான் பேசுறேன்.”

“பதினோரு மணிக்கு அவர பொலிஸுக்குக் கூட்டிட்டுப் போறாங்க நானா.”

“நம்மட பிழையால களவு போச்சிண்டு வந்தா, கட்டுகஸ்தோட்டையில இனி ஆரு நம்மளக் கூப்பிடப் போறாங்க? ஒங்க வேலையும் போகும், என்ட கடையும் போகும். யோசிச்சிப் பாருங்க. நான் வாறேன், அது வரைக்கும் வாயத் தொறக்காதீங்க.”

அவள் போனைப் பைக்குள் போட்டாள். மூன்று வருடம் எடுத்தது, ஒரு பெண்ணை ஏணியில் பார்த்து ஆட்கள் சிரிக்காமல் இருப்பதற்கு. இந்த ஒரு நாளோடு அந்தச் சிரிப்பு திரும்பி வந்துவிடும். பொம்பளப் பிள்ளையை வைத்து வயர் இழுத்தால் இப்படித்தான் என்பார்கள்.

“தங்கச்சி.”

வீரம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் குடைப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

“நீங்கதானே அந்தக் கெமரா போட்டது? அந்த மெசினு பொய் சொல்லாதுன்னு உள்ள சொல்றாங்க. எம்புருசன் பொய் சொல்ற ஆளு இல்ல. இதுல எத நான் நம்புறது? நீங்க படிச்ச புள்ள, சொல்லுங்க.”

நிலூஷாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் அம்மாவும் இதே மாதிரி ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து ஒபிஸின் வாசலில் நின்ற நாள்கள் உண்டு.

“அவரு தொடல அக்கா” என்றாள். “வாங்க.”

அறைக்குள் போய் நின்று சொன்னாள். “ஹாஜியார், பிளக்க யாரும் கழட்டல. கேபிள்ல கரண்ட் பத்தல. இருட்டுனா கெமரா தானா நிக்கிது. நான் போட்டதுல வந்த பிழை.”

அஹ்னாப் சிரித்தான். “அவரக் காப்பாத்தப் பாக்குறீங்க. ஒங்க தோட்டத்து ஆளுண்டு.”

ஹாஜியார் மருமகனைப் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடியது. ஆனாலும் அவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. “காட்டேலுமா?”

“ஏலும். இப்பவே.”

ராஜலிங்கத்தை அழைத்துக்கொண்டு ஏணியோடு பின்கேட்டுக்குப் போனாள். ஹாஜியாரும் அஹ்னாபும் அறையிலேயே, பிளக்கின் பக்கத்தில், திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாஜியாரின் போனுக்கு அழைத்து, தன் போனை ஒலிபெருக்கியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

“கெமராவ மூடினா இருட்டாத்தானே தெரியும்?” அஹ்னாபின் குரல் பையிலிருந்து வந்தது.

“படத்தப் பாக்காதீங்க. மேல மூலையில மணி ஓடும், அதப் பாருங்க. கெமரா உசிரோட இருந்தா எவ்வளவு இருட்டுனாலும் மணி ஓடும். செத்தா மணியும் போகும்.”

கீழே கிடந்த வெறும் சீமெந்து உறையை எடுத்துக் கெமராவை மூடினாள். காத்திருந்தாள். ராஜலிங்கம் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

“மணி ஓடுது” என்றார் ஹாஜியார்.

ஒரு நிமிடம் போனது.

“இன்னும் ஓடுது புள்ள.”

கணக்குத் தப்பா? வேறு ஏதாவது கோளாறா? மணி பத்தே முக்கால். பொலிஸுக்குப் போக வந்த வேனின் கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்டது. “போதும்” என்று அஹ்னாப் யாரிடமோ சொல்வதும் கேட்டது. ஏணியின் கீழிருந்து ராஜலிங்கம் மெல்லக் கேட்டார்.

“விட்டுருவமா தங்கச்சி?”

அவள் உறைக்குள் எட்டிப் பார்த்தாள். உறையின் பின்னல் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு லைட் ஒன்றுகூட எரியவில்லை. கெமராவுக்கு இன்னும் பகல்தான்.

உறையை இழுத்து எறிந்தாள். பையிலிருந்த தன்னுடைய கறுப்பு மழைக்கோட்டை எடுத்துக் கெமராவைச் சுற்றி இரண்டு மடிப்பாகப் போர்த்தி, அடியில் கையால் இறுக்கிப் பிடித்தாள். கோட்டின் கை வழியாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். இரண்டு செக்கன், மூன்று செக்கன். சின்ன ‘டிக்’ என்ற சத்தத்தோடு சிவப்புப் பொட்டுகள் வட்டமாக எரிந்தன. எரிந்த வேகத்தில் அணைந்தன.

“ஹாஜியார், மணி?”

மற்றக் கையால் போனை எடுத்து வாயருகே பிடித்தாள்.

“ஹாஜியார்?”

“போய்ட்டுது” என்றார் அவர். “படமும் இல்ல, மணியும் இல்ல.”

“பிளக்?”

“பிளக் அப்புடியே ஈக்கிது. ஆரும் தொடல்ல.”

கோட்டை எடுத்தாள். நாற்பது செக்கனில் படம் திரும்பியது. மறுபடி மூடினாள், போனது. மூன்றாவது தடவை ஹாஜியார் அஹ்னாபை அனுப்பி அவனையே ஏணியில் ஏறி மூடச் சொன்னார். அவன் மூடினான். அப்போதும் போனது. பிறகு நிலூஷா கெமராவைக் கழற்றி அறைக்குக் கொண்டுவந்து, ஒரு மீற்றர் கேபிளில் மாட்டி, அதே கோட்டால் மூடிக் காட்டினாள். சிவப்பு லைட்டுகள் எரிந்துகொண்டே இருந்தன. மணி ஓடிக்கொண்டே இருந்தது.

ஹாஜியார் பொலிஸுக்கு எடுத்துப் போவதற்காகக் கையில் வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் செருகினார்.

“பல்ப் போனத மனிசன் ஒனக்குச் சொன்னாரா?” என்று மருமகனைக் கேட்டார்.

அஹ்னாப் நிலத்தைப் பார்த்தான். “சொன்னாரு. மறந்துட்டன் மாமா.”

ஹாஜியார் வெளியே வந்து ராஜலிங்கத்தின் கையைப் பிடித்தார். “ராஜலிங்கம், பிழையா நெனச்சிட்டேன். மாப்புத் தாங்க.”

ராஜலிங்கம் தலையை ஆட்டினார். பேசியது வீரம்மாதான். அவள் குரல் உயரவில்லை.

“இங்க ரூமோரத்துல வெச்சி சொன்னா எப்புடீங்க மொதலாளி? இவரு பையக் கொட்டிப் பாத்தது அவ்வளவு பேரு முன்னாலதானே. அவங்க வீட்டுக்குப் போயி என்னா சொல்லுவாங்க? அவங்க முன்னால சொல்லுங்க.”

ஹாஜியார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு லொறியடியில் நின்றவர்களைக் கைதட்டி அழைத்தார். ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார். ராஜலிங்கம் எதுவும் செய்யவில்லை, தான்தான் பிழையாகச் சொன்னது என்றார்.

“கெமரா நின்னது என்னால” என்றாள் நிலூஷா. அவர் கேட்காமலேதான் சொன்னாள். “கேபிள் போட்ட அன்னைக்கு நான் சரியாப் பாக்கல.”

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு ஓட்டோ கேட்டுக்குள் வந்து நின்றது. முனாப் நானா ஒரு பெட்டியோடு இறங்கினார். கூட்டத்தையும் அவளையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை அவள் கையில் கொடுத்தார். கண்டி டவுனில் எங்கேயோ தேடிப் பிடித்த நாற்பத்தெட்டு வோல்ட் செட்.

“இதப் போட்டு முடிங்க” என்றார்.

அவள் வேலையைத் தொடங்கியபோது ராஜலிங்கம் தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஹாஜியார் பக்கத்தில் நின்றார்.

“இன்டைக்கி ரெஸ்ட் எடுங்க. நாளைக்கி வருவீங்கதானே?”

“மொதல்ல அந்த பல்ப மாத்துங்க மொதலாளி” என்றார் ராஜலிங்கம். “பொறவு பாப்போம்.”

கேட்டைத் தாண்டும்போது அவர் நிலூஷாவைத் திரும்பிப் பார்த்தார். அதில் நன்றி இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வீரம்மா பார்க்கவேயில்லை. புருஷனின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மோட்டார்கள் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. ஆற்றுப் பக்கமாக வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை என்றுதான் பிறகு பொலிஸில் எழுதினார்கள். அன்றைக்கு நிலூஷா புதிய செட்டை மாட்டி, மழைக்கோட்டால் மூடி, பதினைந்து நிமிடம் மணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஏணியை மடக்கினாள். மீற்றர் பன்னிரண்டிலேயே நின்றது.

முனாப் நானாவையும் அவளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோ பாலத்துக்கு வந்தது. பாலத்தில் வாகனங்கள் நெருக்கி நின்றன. கீழே மகாவலி கலங்கி ஓடியது.

“அந்த செட் இல்லாம போடச் சொன்னது நான்தானே” என்றார் முனாப் நானா. “அத ஏன் நீங்க அங்க சொல்லல்ல?”

“அத நீங்கதான் சொல்லணும் நானா.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்று நிலூஷா நினைத்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். ஓட்டோ ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது.

“இதே மாதிரி பன்னண்டு வோல்ட்ல வேற எத்தன எடத்துக்குப் போட்டிருக்கோம்?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு பார்மசி. ஒரு அரிசி ஆலை. தென்னக்கும்புரவில் ஒரு வீடு. குண்டசாலையில் பெண் பிள்ளைகள் தங்குகிற ஹொஸ்டல்.

“நாலு.”

“ஹொஸ்டல்ல எந்தக் கெமரா?”

“பின் மதிலுக்குப் போட்டது.”

முனாப் நானா முன்னால் குனிந்து ஓட்டுநரின் தோளைத் தொட்டார். “தம்பி, கடைக்கு வேணாம். குண்டசாலைக்கு விடுங்க.”